பால்ஸ்பிரிட்ஜ் குதிரைத் திருவிழா

அயர்லாந்து தேசத்தின் தலைநகரம் டப்ளின். அந்த நகரத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் குதிரைகள் விருந்தாளிகளாக வந்து இறங்குகின்றன. நாலு குதிரை, பத்துக் குதிரை அல்ல, ஆயிரத்துக்கு மேல்! குடியானவர் வீட்டுக் குதிரை, கோடீசுவரர் வீட்டுக் குதிரை, பட்டாளத்துக் குதிரை, பத்து வயதுச் சிறுமி ஏறி வரும் மட்டக் குதிரை, தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு மிரள மிரள விழிக்கும் குட்டி என்று எல்லாம் வந்து சேரும். புதன்கிழமை தொடங்கி ஞாயிறு வரை ஐந்து நாள் கோலாகலம். டப்ளின் குதிரைக் கண்காட்சி என்று அதற்குப் பெயர். கண்காட்சி என்கிறார்களே தவிர, உண்மையில் அது திருவிழாதான். கடை உண்டு, பாண்டு வாத்தியம் உண்டு, தின்பண்டம் உண்டு, காணாமற் போகும் குழந்தைகளும் உண்டு!

இதைக் குதிரைப் பந்தயம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் குதிரை முதலில் ஓடி வந்தது என்பதல்ல இங்கே கேள்வி. எது நிமிர்ந்து அழகாக நடக்கிறது, எது சொன்னபடி கேட்கிறது, எது வேலியைத் தட்டாமல் தாண்டுகிறது என்பதுதான் போட்டி. ஆகையால் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம்; போகிறவர்கள் வீட்டுப் பணத்தைத் தோற்றுவிட்டு வருவார்களோ என்ற கவலையும் இல்லை. (தொப்பிக் கடைக்குப் போனால் அது வேறு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.)

இந்த விழாவின் பழைய கதைகளைப் படித்துக்கொண்டு போனபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மைதானத்தைச் சுற்றிலும் ஆதி நாள் தொட்டுப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் மைதானத்தின் உள்ளே தாண்டுவதற்கு மட்டும் அவர்கள் வெகு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. எவ்வளவு காலம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

கழுதைக்கும் இடம் உண்டு!

1731-ஆம் ஆண்டில் பதினான்கு பேர் டப்ளினில் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பயிர்த்தொழில், கைத்தொழில், விஞ்ஞானம் இவற்றை நாட்டில் வளர்ப்பது நோக்கம். அதுதான் பிற்காலத்தில் ராயல் டப்ளின் சொஸைட்டி என்று பெயர் பெற்றது. டப்ளினில் இன்று பெயரோடு இருக்கும் தாவரத் தோட்டத்துக்கும், தேசிய நூல் நிலையத்துக்கும் மூலவித்து இந்தச் சங்கம் போட்டதே.

1864-இல் சங்கத்தின் ஆதரவில் முதல் குதிரைக் கண்காட்சி நடந்தது. வந்த குதிரைகள் 366. மொத்தப் பரிசுப் பணம் 520 பவுன். 1868-இல் சங்கம் தானே பொறுப்பேற்று, தன் இருப்பிடமான லெய்ன்ஸ்டர் மாளிகையின் புல்வெளியில் விழாவை நடத்தியது. அந்த ஆண்டில் கழுதைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும்கூடப் பரிசு வைத்திருந்தார்கள். வண்டி இழுக்கும் பிராணிக்கும் மதிப்புக் கொடுத்த அந்த மனசைப் பாராட்டத்தான் வேண்டும்!

இன்று குதிரைத் தாண்டல் போட்டி உலகமெங்கும் நடக்கிறது, ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. அதன் மிகப் பழைய மேடைகளில் ஒன்று அந்த லெய்ன்ஸ்டர் மாளிகைப் புல்வெளி. வேட்டைக்குப் போகும் குதிரைக்கு வழியில் வேலி, பள்ளம், கல்சுவர் எல்லாம் குறுக்கிடும் அல்லவா? வாங்க வருகிறவர்களுக்கு அந்தத் திறமையைக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. உயரத் தாண்டுவதற்கு ஒரு பரிசு, அகலத் தாண்டுவதற்கு ஒரு பரிசு. முதலாவதாக வந்தால் 5 பவுன், அடுத்ததற்கு 2 பவுன். விதி ஒன்றே ஒன்றுதான்: நீதிபதிகளின் மனம் திருப்தியடையும்படி தாண்ட வேண்டும்! நீதிபதியின் திருப்தியை எந்தக் கோல் கொண்டு அளந்தார்களோ, தெரியவில்லை. கடிகாரம் வைத்து நேரம் பார்க்கும் போட்டி 1938-இல்தான் வந்தது.

1881-இல் விழா நகரத்தின் தென்கிழக்கே பால்ஸ்பிரிட்ஜ் என்ற இடத்துக்கு மாறியது. அப்போது அது வெறும் பச்சை நிலம். எண்ணூறு பேர் உட்காரக் கூடிய ஒரு மேடையைக் கட்டினார்கள். அன்றிலிருந்து விழா அங்கேதான். பழைய லெய்ன்ஸ்டர் மாளிகை என்ன ஆயிற்று? அயர்லாந்து சுதந்திர நாடானதும் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. இன்று தேசத்தின் பார்லிமெண்டு கூடுவது அங்கேதான். கழுதைகள் பரிசு வாங்கிய இடம் அது என்பதை அந்த ஊர்க்காரர்கள் அவ்வப்போது சொல்லிச் சிரித்தால், நாம் அதில் தலையிடுவதற்கில்லை.

1895-இல் எண்ணூறுக்கு மேற்பட்ட குதிரைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றாகத் தாண்டவிட்டால் பொழுது சாய்ந்துவிடுமே! ஆகையால் இரண்டிரண்டாக விட்டார்கள். சமயத்தில் நாலு நாலாகக்கூட விட்டார்களாம். நினைத்துப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

மகாராணி தாண்டிய சுவர்

அந்தக் காலத்தில் பெண்களுக்குக் குதிரை ஏறத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். ஆஸ்திரியாவின் சக்கரவர்த்தினி எலிஸபெத் 1879-இலும் 1880-இலும் வேட்டையாடுவதற்கென்றே அயர்லாந்துக்கு வந்தாள். டப்ளினுக்கு அடுத்த மீத் ஜில்லாவில் தங்கினாள். இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு உட்காரும் சேணம் அவளுடையது. சவாரி உடை இடுப்பில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று, அதை அவள் மேனியோடு வைத்தே தைத்து முடிப்பார்களாம். 1879-இல் ஒரு நாள் ஒரு மானைத் துரத்திக்கொண்டு போனவள், மேனூத் என்ற ஊரில் பாதிரிமார்களுக்கான கல்லூரியின் மதிலுக்குள்ளேயே போய்விட்டாள். பிரம்மசாரிகள் படிக்கும் இடத்தில் குதிரையோடு ஒரு சக்கரவர்த்தினி! குருமார்கள் பதறாமல் வரவேற்று உபசரித்தார்கள். அவளும் பிற்பாடு அந்தக் கல்லூரிக்கு வெள்ளியில் ஒரு குதிரை வீரர் சிலையைக் காணிக்கையாக அனுப்பினாள்.

பள்ளமும் மதிலும் நிறைந்த காட்டு வழியில் ஒரு பெண் தாண்டலாம். பல பேர் பார்க்கும் மைதானத்தில் தாண்டக் கூடாது. உலகத்தின் நியாயம் சில சமயம் இப்படித்தான் இருக்கிறது. பால்ஸ்பிரிட்ஜில் தாண்டும் போட்டியில் பெண்களுக்கென்று ஒரு பிரிவு ஏற்பட்டது 1919-இல். முதல் தாண்டலுக்கும் அதற்கும் இடையில் 51 வருஷம்! அதற்குள் முதலில் தாண்டிய குதிரைகளின் பேரன் பேத்திகளுக்கே பேரன் பேத்திகள் பிறந்திருக்கும்.

இவ்வளவு காலமும் பெண்மணிகள் சும்மா இருந்தார்கள் என்பதில்லை. குதிரை வாரம் என்றால் அந்நாளில் டப்ளினில் விருந்தும் நடனமுமாக அமர்க்களப்படும். கிராமத்துப் பெரிய வீடுகளிலிருந்து தாய்மார்கள் வயது வந்த பெண்களை அழைத்துக்கொண்டு நகரத்துக்கு வருவார்கள். பகலில் குதிரை பார்ப்பது. மாலையில் மாப்பிள்ளை பார்ப்பது. இரண்டிலும் வம்சம், நடை, பல், சுபாவம் எல்லாம் கவனிக்கப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆகாகான் கோப்பை

1925-இல் ஸைக்ளர் என்ற சுவிஸ் ராணுவக் கர்னல் ஒரு யோசனை சொன்னார்: பல நாட்டுப் படை வீரர்களையும் அழைத்து டப்ளினில் ஒரு சர்வதேசப் போட்டி நடத்தினால் என்ன? இந்தச் செய்தி ஆகாகான் காதுக்கு எட்டியது. ஒரு கோப்பை தருகிறேன் என்று அவர் முன்வந்தார்.

ஆகாகானை நமக்கும் தெரியும். கராச்சியில் பிறந்தவர், இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர். புனாவில் அவர் கட்டிய மாளிகையில்தான் 1942 முதல் காந்திஜியைச் சிறை வைத்திருந்தார்கள். அன்னை கஸ்தூரிபா கண்ணை மூடியதும் அங்கேதான். அதே ஆகாகானுக்குக் குதிரை என்றால் உயிர். இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை அவருடைய குதிரைகள் ஐந்து முறை ஜயித்திருக்கின்றன. அயர்லாந்தின் கில்டேர் ஜில்லாவில் அவருக்குக் குதிரைப் பண்ணை இருந்தது. அந்த ஊர்ப் புல்லுக்கு அவர் செலுத்திய மரியாதை இந்தக் கோப்பை என்று வைத்துக்கொள்ளலாம்.

1926-இல் முதல் போட்டி. பிரிட்டன், ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ், சுவிட்ஸர்லாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகள் கலந்துகொண்டன. அந்த ஆண்டின் அருமை நமக்குத் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் ஆதிக்கத்தை எதிர்த்து அயர்லாந்து ஆயுதம் ஏந்திப் போராடி முடித்து ஐந்தே வருஷம். அதன் பின் மூண்ட உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து மூன்றே வருஷம். நேற்று வரை துப்பாக்கியோடு எதிரெதிரே நின்ற இரண்டு பட்டாளங்களின் உத்தியோகஸ்தர்கள், ஒரே புல்தரையில் ஒரே வேலியைத் தாண்டினார்கள். இரண்டு நாட்டுக் கொடிகளும் அக்கம்பக்கமாகப் பறந்தன. கோப்பையைச் சுவிஸ் அணி தட்டிக்கொண்டு போயிற்று. ஆனால் அவர்கள் ஏறி வந்த குதிரைகள் அயர்லாந்தில் பிறந்தவை! ஆகவே தோற்றதில் அயர்லாந்துக்காரர்களுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை.

இனி நாமே ஜயிக்க வேண்டும் என்று அதே 1926-இல் அயர்லாந்து ராணுவம் ஒரு சவாரிப் பள்ளியை ஆரம்பித்தது. கற்றுக்கொடுக்க 1928-இல் வந்தவர் கர்னல் பால் ராட்ஸியாங்கோ என்ற ரஷ்யர். ஸார் சக்கரவர்த்தியின் படையில் இருந்து, புரட்சியில் எல்லாவற்றையும் இழந்து வெளியேறியவர். கொலையுண்ட இளவரசன் அலெக்ஸி செல்லமாக வளர்த்த ஜாய் என்ற நாய் அநாதையாகத் திரிந்தபோது, அதை இங்கிலாந்துக்கு எடுத்து வந்து கடைசி வரை காப்பாற்றியவரும் இவரே. இவரிடம் பாடம் கேட்ட பட்டாளத்துப் பிள்ளைகள் பிற்பாடு 1935, 1936, 1937 என்று தொடர்ந்து மூன்று வருஷம் வென்று கோப்பையைத் தங்களுக்கே சொந்தமாக்கிக்கொண்டார்கள். மூன்று முறை தொடர்ந்து வென்றால் கோப்பை அந்த நாட்டுக்கே சொந்தம். அப்படிப் போய்ப் போய், இப்போது இருப்பது ஆறாவது கோப்பை. 1980-இல், முதல் கோப்பை தந்தவரின் பேரர் அளித்தது.

விளையாட்டின் விதி சுலபம். ஒரு நாட்டுக்கு நாலு பேர். ஒவ்வொருவரும் இரண்டு சுற்றுத் தாண்ட வேண்டும். ஒரு கட்டை விழுந்தால் 4 குற்றம். குதிரை முரண்டு பிடித்து நின்றுவிட்டாலும் 4 குற்றம். ஒவ்வொரு சுற்றிலும் நால்வரில் மோசமானவர் கணக்கைத் தள்ளிவிட்டு மற்ற மூவர் கணக்கைக் கூட்டுவார்கள். மிகக் குறைந்த குற்றம் செய்த நாடு ஜயித்தது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவர் தவறினாலும் மற்றவர்கள் சமாளித்துக்கொள்வதுபோல என்று சொன்னால் நம் வீட்டுப் பாட்டிக்கும் புரியும்.

ஆனால் இந்தக் கோப்பைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. 1949 வரையில் அணியில் ராணுவ உத்தியோகஸ்தர்கள் மட்டுமே இருக்கலாம். உத்தியோகஸ்தர் என்றால் ஆண் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஐரிஸ் கெல்லட்

டப்ளின் நகரத்துக்கு உள்ளேயே மெஸ்பில் ரோடில் ஒரு சவாரிப் பள்ளி இருந்தது. அதை நடத்தியவள் ஐரிஸ் கெல்லட். 1949-இல் இங்கிலாந்து போய், ரஸ்டி என்ற குதிரையின் மேல் ஏறி, இளவரசி எலிஸபெத் கோப்பையை வென்று வந்தாள். அப்போது அவளுக்கு வயது 23.

1952-இல் விபத்து வந்தது. குதிரையிலிருந்து விழுந்து கணுக்கால் நொறுங்கியது. அது போதாதென்று புண்ணில் டெட்டனஸ் என்ற ஜன்னி கண்டது. பிழைத்ததே மறுபிறப்பு. பல வருஷம் போட்டியின் பக்கமே வர முடியவில்லை. சிறுவர் சிறுமியருக்குக் கடிவாளம் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

1969-இல் பெண்களுக்கான ஐரோப்பியப் பட்டப் போட்டி பால்ஸ்பிரிட்ஜில், அவளுடைய சொந்த ஊரில் நடந்தது. மார்னிங் லைட் என்ற குதிரையோடு ஐரிஸ் கெல்லட் உள்ளே வந்தாள். 43 வயது. பட்டத்தை வென்றாள். அத்துடன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டு, குதிரையைத் தன் மாணவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டாள். அந்த மாணவன்தான் எட்டி மேக்கன். பின்னாளில் அவன் பூமராங் என்ற குதிரையின் மேல் ஏறி உலகத்தையே பிரமிக்க வைத்தான். வாயில் இரும்புக் கடிவாளம் போட்டால் பூமராங்குக்குப் பிடிக்காது. ஆகவே கடிவாளம் இல்லாமல், மூக்குப் பட்டையாலேயே அதை நடத்தினான். 1977, 1978, 1979 மூன்று வருஷமும் ஆகாகான் கோப்பையை அயர்லாந்து வென்று சொந்தமாக்கிக்கொண்ட அணியில் இவன் முக்கியப் புள்ளி. அந்தப் பூமராங் குட்டிப் பருவம் கடந்த வயதில் கெல்லட்டின் லாயத்தில் இருந்த குதிரைதான். இப்படி, தான் தாண்டியது போக, தாண்டப் போகிறவர்களையும் அந்த அம்மாள் தயார் செய்தாள். 2011-இல் காலமானாள்.

பின்னலும் சீமைச் சுண்ணாம்பும்

கோப்பையும் கொடியும் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு மனம் லயித்த இடம் வேறு. பெரிய மைதானத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கின்றன. அங்கே குதிரைகளைக் கையில் பிடித்து நடத்திக் காட்டுவார்கள். அயர்லாந்தில் குதிரை வளர்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெரிய பண்ணைக்காரர்கள் அல்ல. ஒன்றோ இரண்டோ பெட்டைக் குதிரை வைத்திருக்கும் சாதாரணக் குடும்பத்தார். பதினோரு மாதம் சுமந்து அது ஒரு குட்டி போட வேண்டும். அந்தக் குட்டிக்கு டப்ளினில் ஒரு ரிப்பன் கிடைத்தால், வீட்டின் நிலைமையே மாறும். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்ப வேண்டியதுதான். கோப்பைக்குத் தாண்டும் பெரிய குதிரைகள் எல்லாம் ஒரு காலத்தில் இப்படி ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையில் பிறந்தவைதாமே!

போட்டியன்று விடியும் முன்பே லாயத்தில் வேலை ஆரம்பித்துவிடும். பிடரி மயிரைச் சமமாக வகிர்ந்து, தண்ணீர் தொட்டு, சிறு சிறு பின்னலாகப் பின்னி, ஊசியும் நூலும் கொண்டு தைத்து மொட்டுப் போல முடிச்சிடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குத் தலை பின்னிவிடும் தாய்க்கு இந்த அவசரமும் தெரியும், ‘ஆடாமல் நில்’ என்ற அதட்டலும் தெரியும். வெள்ளைக் கால்களில் சுண்ணாம்புத் தூள் பூசி இன்னும் வெளுப்பாக்குவதும் உண்டு. ஆனால் கானமரா என்ற மேற்குக் கடற்கரை மட்டக் குதிரைக்கு மட்டும் பின்னல் கூடாது. கூந்தலை விரித்துவிட்டபடியே வர வேண்டும். அதுதான் அதற்கு இலட்சணம்.

வேட்டைக் குதிரைகளின் பிரிவில் இன்னொரு வேடிக்கை. நீதிபதி தூர நின்று பார்ப்பதோடு விடமாட்டார். குதிரைக்குச் சொந்தக்காரரை இறக்கிவிட்டு, தாமே ஏறி ஒரு சுற்றுப் போய் வருவார். சமையல் போட்டியில் சாப்பிட்டுப் பார்க்காமல் மார்க் போடலாமா? அதே நியாயம்தான். முதல் பரிசுக்குச் சிவப்பு ரிப்பன், இரண்டாவதற்கு நீலம். பெண்கள் ஒருபக்கமாகக் கால் போட்டு நீண்ட பாவாடையோடு சவாரி வரும் பிரிவும் இன்னும் இருக்கிறது. இருபக்கமும் கால் போட்டுத் தாண்ட உரிமை கிடைத்த பிறகும் அந்தப் பழைய கலையை அவர்கள் விட்டுவிடவில்லை. இப்போது அது கட்டாயம் அல்ல, ஆசை.

கைவேலையில் விருப்பம் உள்ளவர்களுக்குக் குதிரையைப் பார்க்காமலே ஒரு நாள் போய்விடும். சங்கம் நடத்தும் கைவினைப் போட்டியில் தேறிய நெசவு, வெள்ளிச் சாமான், மண்பாண்டம் எல்லாவற்றையும் விழாவின்போது காட்சிக்கு வைப்பது வழக்கம்.

வியாழன், வெள்ளி

வியாழக்கிழமை பெண்கள் தினம். நேர்த்தியாக உடுத்தி வருகிறவருக்குப் பரிசு. தொப்பிகளைப் பற்றி என்ன சொல்ல! பூந்தோட்டம் போல ஒன்று, பறவைக் கூடு போல ஒன்று, பறக்கும் தட்டு போல ஒன்று. முன் வரிசையில் இப்படி ஒரு தொப்பி வந்து உட்கார்ந்துவிட்டால், பின்னால் இருப்பவர் குதிரையின் வாலைக்கூடப் பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஆகாகான் கோப்பை. ராணுவ பாண்டு ஒவ்வொரு நாட்டின் தேசிய கீதத்தையும் வாசிக்க, அணிகள் வரிசையாக உள்ளே வரும். கோப்பை வழங்க நாட்டின் ஜனாதிபதியே வருவது மரபு. முதல் குதிரை தாண்ட ஓடி வரும்போது, அத்தனை ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். குளம்பு கட்டையில் உரசும் சத்தம் கேட்டால் ‘ஐயோ’ என்று ஒரு பெருமூச்சு; கட்டை ஆடி ஆடி விழாமல் நின்றுவிட்டால் ஆரவாரம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் 1940 முதல் 1946 வரை விழா நடக்கவில்லை. கொரோனாக் காலத்தில் 2020, 2021 இரண்டு வருஷமும் மைதானம் காலியாகக் கிடந்தது. 2022-இல் மறுபடி கூடியபோது அயர்லாந்தே கோப்பையை வென்றது, 2023-இலும் வென்றது.

ஆனால் எனக்குப் பிடித்தது 2017. அந்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். லாரா கிராட், லாரன் ஹாஃப், பீஸி மேடன், லில்லி கீனன். நால்வரும் பெண்கள். ஆண்களும் பெண்களுமாகப் பல நாட்டார் எதிரே நின்ற போட்டியில், பட்டாளத்து உத்தியோகஸ்தர்களுக்கென்று ஏற்பட்ட அதே ஆகாகான் கோப்பையை வென்று, நால்வருமாகக் குதிரை மேல் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள்.